மாத்திரை டப்பாவில் இருந்தால் ரத்தம் ஊறாது

(மேலூர்ப் பக்கம் நடந்த ஒரு சமுதாய வளைகாப்பில் பேசியது)

தாய்மார்களே, அத்தைமார்களே, பின்னால் நிற்கிற தம்பிமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கர்ப்பிணிக்கு 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் என்ற சிவப்புச் சத்து 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 7க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. "மாசமா இருந்தா ரத்தம் கம்மியாத்தான் இருக்கும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போகத்தான் செய்யும், தேறின உடம்பு அதைத் தாங்கிவிடும். 6, 7 கிராமோடு பிரசவ அறைக்குள் போகிறவள் எதைக் கொண்டு தாங்குவாள்?

வாசல்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறதா? கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கிறதா? பச்சரிசி, திருநீறு, செங்கல் தூள் என்று வாய் கேட்கிறதா? அதை மசக்கை என்று சிரித்துவிட்டு விடாதீர்கள், இரும்புச்சத்து குறைந்தாலும் அப்படிக் கேட்கும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தருகிற சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். பிள்ளை பெற்ற பிறகும் 180 நாள். அந்த ஃபோலிக் அமிலத்தின் கதை நம் நாட்டில் தொடங்கியது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் இந்தியாவுக்கு வந்து, பம்பாயில் பஞ்சாலையில் வேலை பார்த்த பெண்கள் கர்ப்ப காலத்தில் ஏன் இப்படி வெளுத்துப்போகிறார்கள் என்று தேடினார். நம் குன்னூரிலும் ஆராய்ச்சி செய்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் தேறுகிறார்கள் என்று 1931இல் எழுதினார். அதிலிருந்த சத்து ஃபோலேட் (அதன் மாத்திரை வடிவம்தான் ஃபோலிக் அமிலம்) என்பது பின்னால்தான் தெரிந்தது. கூலிக்காரப் பெண்களின் உடம்பிலிருந்து உலகம் கற்ற பாடம் அது. அந்த மாத்திரை நம் வீட்டு அலமாரியில் அட்டையோடு கிடப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஏன் போடவில்லை என்று கேட்டால், "மலம் கறுப்பாப் போகுது", "குமட்டுது", "பிள்ளை கறுப்பாப் பிறக்குமாம்" என்கிறார்கள். மலம் கறுப்பது இரும்பால்தான், பயம் வேண்டாம். குமட்டினால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போடுங்கள். பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் ஒட்டாது. முருங்கைக்கீரையில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். கறி சாப்பிடுகிறவர்கள் சுவரொட்டியை, அதாவது ஆட்டு மண்ணீரலை, நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். மதுரைக்காரர்களுக்கு அதைச் சமைக்க நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, ரத்தத்தைக் குறைக்கிற இன்னொன்றுக்கு, மலேரியாக் காய்ச்சலுக்கு வருவோம். நம் வயலுக்குத் தண்ணீர் தரும் பெரியாறு அணையைக் கட்டி முடித்தது 1895இல். அந்தக் காட்டில் மலேரியாவில் செத்த தொழிலாளிகள் ஏராளம். இப்போது நம் பக்கம் மலேரியா குறைவுதான். ஆனாலும் வெளிமாநில வேலைக்குப் போய்த் திரும்புகிறவர் உடம்போடு அது வரலாம். கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து, பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஏற்கெனவே ரத்தம் குறைந்தவளுக்கு இது இரட்டை அடி. ஃபால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமி வகை நஞ்சுக்கொடியிலேயே தங்கிவிடும், குழந்தை எடை குறைந்து பிறக்கும். விரலில் எடுத்த ரத்தத்தில் சில சமயம் அது சிக்காமலும் போகலாம். ஆப்பிரிக்காவில், காம்பியாவில் பார்த்தபோது, கர்ப்பிணிகளைத் தேடி வந்த மலேரியாக் கொசு மற்றப் பெண்களைத் தேடி வந்ததைப் போல இரண்டு மடங்கு.

அதனால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், கர்ப்பிணி என்பதைச் சொல்லி அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இல்லை என்று வந்தும் காய்ச்சல் விடாவிட்டால் மறுபடி பாருங்கள். மெடிக்கலில் நீங்களாக மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். மலேரியாவுக்குத் தருகிற பிரைமாகுவின் கர்ப்பிணிக்கு ஆகாது. தம்பிமார்களே, வெளியூரிலிருந்து காய்ச்சலோடு வந்தால் நீங்களும் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். மாடித் தண்ணீர்த் தொட்டியை இன்றைக்கே மூடிவிடுங்கள், நல்ல தண்ணீரில்தான் மலேரியாக் கொசு முட்டையிடுகிறது.