மயக்க மருந்துக்கு முன்னால் ஒரு கேள்வி

[திரை: ஆபரேஷனுக்கு முந்தைய கேஸ் ஷீட்]

"உங்க குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்து கொடுத்தப்போ பிரச்சினை வந்திருக்கா?"

நர்ஸ் கேட்கிற பத்துக் கேள்விகளுக்கு நடுவுல இதுவும் ஓடிப்போயிடும். ஆனா இது ஒரு மரபணு விசாரணை. ஊசியும் வேண்டாம், லேபும் வேண்டாம்.

[திரை: கறுப்பு வெள்ளையில் மெல்பர்ன்]

கால் உடைஞ்சு வந்த 21 வயசு மாணவர். உடைஞ்ச காலைவிட மயக்க மருந்துக்குத்தான் பயந்தார். ஈதர்ங்கிற பழைய மயக்க மருந்து கொடுத்ததுல அவர் சொந்தக்காரங்க 10 பேர் இறந்திருந்தாங்க. சரி, ஈதர் வேண்டாம்னு ஹாலோதேன்ங்கிற வேற மயக்க வாயு கொடுத்தாங்க. கொஞ்ச நேரத்துல உடம்பு அனலா கொதிச்சது. ஐஸ் வெச்சுக் காப்பாத்தினாங்க. டென்பரோ, லவெல்னு ரெண்டு டாக்டர்கள் 1960-ல இதை லான்செட் மருத்துவ இதழ்ல எழுதினாங்க.

[திரை: தசைச் செல்]

தசைக்குள்ள கால்சியத்தைத் திறந்துவிட ஒரு கதவு இருக்கு. பெரும்பாலான குடும்பங்கள்ல, அந்தக் கதவுக்கான ஆர்.ஒய்.ஆர்.1 மரபணுவுலதான் கோளாறு. சில மயக்க வாயுக்களோ, தசையைத் தளர்த்தக் கொடுக்கிற சக்சினைல்கோலினோ பட்டா கதவு மூடாது. தசை இறுகும், சூடு ஏறும். இதுக்குப் பேர் மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா. இதை முறிக்கிற மருந்து டான்ட்ரோலீன். பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. "போன தடவை ஒண்ணும் ஆகலையே"ன்னு நம்பிடவும் முடியாது. முதல் தடவை தப்பிச்சவங்களுக்கும் அடுத்த தடவை வரலாம்.

[திரை: மூணு தலைமுறை வம்ச வரைபடம்]

"மரபணு நோய் இருக்கா?"ன்னு கேட்டா எல்லாரும் "இல்லை"ம்பாங்க. "ஆபரேஷன் டேபிள்லயே போயிட்டார்னு வீட்டுல பேசிக் கேட்டிருக்கீங்களா?"ன்னு கேளுங்க, கதை வரும்.

நம்ம மொழியில இன்னொரு சிக்கல். "அத்தைக்கு மார்புப் புற்றுநோய்"னா எந்த அத்தை? அப்பாகூடப் பிறந்தவங்களா, மாமாவைக் கட்டிக்கிட்டு வந்தவங்களா? முதல் அத்தைன்னா, மார்புப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுற பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் அப்பா வழியா மகளுக்கு வந்திருக்கலாம். ரெண்டாவது அத்தைன்னா ரத்த உறவே இல்லை. சித்திக்கும் இதே குழப்பம். அப்பா பக்கத்தைக் கேட்காமலே விட்டுடறதுதான் நான் அடிக்கடி பார்க்கிற தப்பு.

[திரை: மாத்திரை]

கோடீன்ங்கிற வலி மாத்திரையோட கதை வேற. உடம்பு அதை மார்ஃபினா மாத்தினாதான் வலி குறையும். மாத்துற என்சைம் சிலருக்கு மரபணு காரணமா வேலையே செய்யாது. அவங்க "வலிக்குது"ன்னா நடிக்கிறாங்கன்னு நினைச்சிடறோம். சிலருக்கு அந்த என்சைம் அதிவேகம், மார்ஃபின் அதிகமாகி மூச்சே நின்னுடலாம். 12 வயசுக்குக் கீழே கோடீன் கூடாதுன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-ல சொல்லிடுச்சு.

[திரை: மறுபடி கேஸ் ஷீட்]

மயக்க மருந்து கேள்விக்கு "ஆமா"ன்னு பதில் வந்தா, எழுதி வெச்சா மட்டும் போதாது. மயக்க மருந்து டாக்டர்கிட்ட உடனே வாயாலயும் சொல்லணும். மெஷின்ல தங்கியிருக்கிற பழைய வாயுவை வெளியேத்தவே அவருக்கு நேரம் வேணும்.