வாக்குப் போட்டுத்தான் "வருத்தம் இல்லை" எண்டு மாத்தினவையோ?

வெள்ளவத்தையில இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறா. தனக்குப் பெடியன்களிலதான் விருப்பம் எண்டு மகன் வீட்டில சொல்லிப்போட்டானாம். "டொக்டர், முந்தி இதை மனநோய் எண்டுதானே சொன்னவை? பிறகு அமெரிக்காவில வாக்குப் போட்டு எடுத்துப்போட்டினம் எண்டு என்ர தம்பி சொல்லுறார். மகனை ஆரிட்டையும் காட்டிச் சுகப்படுத்தலாமோ?"

அம்மா, வாக்குப் போட்டது உண்மைதான். 1973 டிசம்பரில அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின்ர நிர்வாக சபை தன்னினச்சேர்க்கையை நோய்ப் பட்டியல்ல இருந்து எடுத்தது. கொஞ்சப் பேர் எதிர்த்ததால 1974இல அங்கத்தவர் எல்லாரிட்டையும் கேட்டவை. வாக்களிச்சவையில 58 வீதமான ஆக்கள் எடுத்தது சரி எண்டிட்டினம். ஆனா 1952இல அதைப் பட்டியல்ல சேர்க்கேக்க என்ன ஆதாரம் இருந்தது? உங்கட தம்பி அதையல்லோ முதல்ல கேக்கவேணும். வைத்தியத்துக்கு வந்தவையையும் மறியல்ல இருந்தவையையும் பாத்துத்தான் பெரும்பாலும் எழுதினவை. ஆஸ்பத்திரிக்கு வாறவையை மட்டும் பாத்தால், வெளியில சுகமா இருக்கிற ஆக்கள் கண்ணில படாயினம்தானே.

ஈவ்லின் ஹூக்கர் எண்ட உளவியலாளர் இதைச் சோதிச்சுப் பாத்தவ. வைத்தியத்துக்கே போகாத 30 தன்னினச்சேர்க்கை ஆண்கள், அவையின்ர வயதுக்கும் படிப்புக்கும் பொருந்தின மற்ற ஆண்கள் 30 பேர். எல்லாருக்கும் ஒரே சோதனைகள். மைக்கறைப் படத்தைக் காட்டி "என்ன தெரியுது?" எண்டு கேக்கிற ரோர்ஷாக் சோதனையும் அதில ஒண்டு. ஆர் எவர் எண்டு சொல்லாமல் விடைகளை நிபுணர்களிட்ட குடுத்தா. அவையால பிரிக்கவே ஏலாமல் போச்சு. அது வெளிவந்தது 1957இல. வாக்கெடுப்புக்கு எவ்வளவு காலம் முந்தி எண்டு பாருங்கோ.

"சுகப்படுத்துறம்" எண்டு அந்தக் காலத்தில என்ன செய்தவை தெரியுமோ? ஆம்பிளைப் படத்தைக் காட்டிக் காட்டிக் கரண்ட் குடுத்தவை, சத்தி வர ஊசி போட்டவை. விருப்பம் மாறேல்லை, ஆக்கள்தான் உடைஞ்சு போச்சினம். எங்கட துறை செய்த அநியாயம் அது. 1972இல அதே சங்கத்தின்ர டாலஸ் மாநாட்டில ஜோன் ஃப்ரையர் எண்ட மனநல வைத்தியர், தானும் அப்பிடித்தான் எண்டு சொல்ல முகமூடி போட்டு, குரலை மாத்திற மைக்கில கதைக்க வேண்டி வந்தது. வைத்தியருக்கே அந்த நிலைமை எண்டா மற்றவையை யோசியுங்கோ.

1990இல உலக சுகாதார ஸ்தாபனமும் தன்ர நோய்ப் பட்டியல்ல இருந்து இதை எடுத்திட்டுது. இதைக் குற்றம் எண்டு சொல்லுற எங்கட தண்டனைச் சட்டத்தின்ர 365ஆம் பிரிவு வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், அது மருத்துவம் இல்லை.

மகன் நித்திரை கொள்ளாமல், சாப்பிடாமல் கிடந்தால் அதுக்குக் கட்டாயம் காட்டுங்கோ. "மாத்தித் தாறன்" எண்டு ஆராவது சொன்னால், அவனையும் கூட்டிக்கொண்டு உடனே எழும்பி வந்திடுங்கோ அம்மா.