சூடேறினால் விரியும் இடுக்கு

நண்பர்களே, வணக்கம்.

விமான எஞ்சினில் சூடான வாயு சுழற்றும் டர்பைன் பிளேடுகளின் நுனியைச் சுற்றி நிற்கும் உறை ஒரே வளையம் அல்ல. துண்டு துண்டாகச் செய்து, உலோகத் தாங்கு வளையத்தில் தொங்க விடுகிறோம். 2016-இல் பயணிகள் விமானச் சேவைக்கு வந்த லீப் எஞ்சினில் இந்தத் துண்டுகள் சிலிக்கன் கார்பைடு இழைகள் கோத்த செராமிக் கூட்டுப்பொருளால் ஆனவை. நிக்கல் கலவையின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். குளிர்விக்கும் காற்றும் குறைவாகப் போதும். அப்படி மிச்சம் பிடித்த காற்று இரண்டு துண்டுகளுக்கு நடுவேயுள்ள இடுக்கு வழியாக ஒழுகிப் போனால், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

உலோகத் துண்டில் பழகியவர் முதலில் சறுக்குவது எங்கே தெரியுமா? ஒரு கரும்பலகைக் கணக்கு போடுவோம். துண்டின் நீளம் 100 மி.மீ. உலோகத் துண்டானால், 900 டிகிரி சூடேறும்போது சுமார் 1.35 மி.மீ. நீளும். தாங்கு வளையம் 600 டிகிரிதான் ஏறுகிறது. அதே 100 மி.மீ.க்கு 0.84 நீளும். ஆகவே சூட்டில் இடுக்கு அரை மில்லிமீட்டர் குறுகும். செராமிக் துண்டு 1000 டிகிரி ஏறினாலும் 0.45 மி.மீ.தான் நீளும். வளையமோ அதே 0.84. இடுக்கு 0.39 விரிகிறது! எஞ்சின் முழுச் சூட்டில் ஓடும்போதுதான் வாய் பிளக்கிறது.

அதற்காகக் குளிர்நிலையில் நெருக்கி வைத்துவிடலாமா? கூடாது. கிளப்பும்போது மெல்லிய துண்டு முதலில் சூடேறும். கனத்த வளையம் பின்தங்கும். குளிரில் 0.6 வைத்தால் அந்தக் கணத்தில் 0.15 வரை சுருங்கும். இன்னும் நெருக்கினால் துண்டுகள் முட்டிக்கொண்டு விளிம்பு உடையும். வேகத்தைத் திடீரெனக் குறைத்தால் நேர்மாறு: துண்டு ஆறிவிடும், வளையம் ஆறாது. மிக மோசமான எல்லையில் 1.44.

இந்த 0.15 முதல் 1.44 வரை மூட வேண்டியது ஒரு மெல்லிய கோபால்ட் கலவைப் பட்டை. இரு துண்டுகளின் பக்கவாட்டிலும் காடி, அதாவது ஒடுங்கிய பள்ளம், வெட்டி, பட்டையைச் செருகுகிறோம். காடி ஆழம் 3 மி.மீ. என்றால் பட்டையின் அகலம் 5.6 வைக்கலாம். இடுக்கு முழுக்க விரிந்து, பட்டை ஒரு பக்கமாக ஒதுங்கினாலும் மறுபக்கக் காடியில் 1.16 மி.மீ. உட்கார்ந்திருக்கும். அதை அழுத்தி உட்கார வைப்பது பின்னாலிருக்கும் காற்றின் அழுத்தம். ஸ்பிரிங் எதுவும் இல்லை. அந்த அழுத்தம் வாயுப் பாதையின் அழுத்தத்துக்குக் கீழே இறங்கினால் சூடான வாயு உள்ளே புகுந்து பட்டையையே தின்றுவிடும். சொட்டுக்கூட ஒழுகாத சீல் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இடுக்கைக் குளிர்வித்துக் கழுவ, கொஞ்சம் ஒழுகத்தான் வேண்டும்.

காடிதான் செராமிக்கின் பலவீனமான இடம். இழை ஓடும் திசையில் நல்ல வலிமை. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவிலோ அதில் சிறு பங்குதான். காடி வெட்டுவது அந்த அடுக்குகளுக்கு நடுவில். கூர்மூலை விட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ஆகவே வைரக் கல்லால் அரைத்து, மூலையை வளைத்து விடுங்கள். வெட்டிய முகத்தில் இழை நுனிகள் திறந்து நிற்கும். இழைகளின் மேலுள்ள போரான் நைட்ரைடு பூச்சு, ஆக்சிஜனும் நீராவியும் பட்டால் அரித்துப் போகும். வெட்டிய பிறகு பூசி மூடாத காடி, திறந்த புண்.

இன்னொரு வம்பு, பட்டையும் காடியும் தொடும் இடத்தில். உருக்கிய சிலிக்கனை ஊட்டிச் செய்த துண்டுகளில் தனிச் சிலிக்கன் மிஞ்சியிருக்கும். நிக்கலும் கோபால்ட்டும் சூட்டில் அதோடு சேர்ந்து சிலிசைடு என்ற சேர்மம் ஆகின்றன. சிலிக்கன் உருகுவது 1414 டிகிரியில் என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். நிக்கலோடு கலந்தால் 1000 டிகிரிக்குக் கீழேயே உருகும் கலவைகள் உண்டு. ஒட்டிக்கொண்ட பட்டை ஆறும்போது, செராமிக்கைவிட மூன்று மடங்குக்கும் மேல் சுருங்கும். காடி உதட்டைப் பெயர்த்துக்கொண்டு வரும். தொடும் முகத்தில் தடுப்புப் பூச்சு வேண்டும், பட்டையும் குளிர்காற்றுப் பக்கமாக, சூட்டு முகத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

பின்னல் கயிறு சீல் போட்டால் என்ன என்று கேட்கலாம். அலுமினா–சிலிக்கா இழைக் கயிறு சூட்டைத் தாங்கும். ஆனால் அமுக்கி அமுக்கி எடுத்தால் மீண்டெழாது. ஓரங்களுக்கு ஆகும், விரிந்து சுருங்கும் இந்த இடுக்குக்கு ஆகாது.

கடைசியாக மூலை. இடுக்கில் படுக்கையாகச் செருகிய பட்டையும் நெடுக்காகச் செருகிய பட்டையும் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு பொந்து இருக்கும். 50 மி.மீ. பட்டை சராசரி 0.03 விலகி உட்கார்ந்தால் ஒழுகும் பரப்பு 1.5 சதுர மி.மீ.; இரு மூலைப் பொந்துகள் தலைக்கு 1 என்றால் அதுவே 2. பட்டையை மணிக்கணக்கில் மெருகேற்றிவிட்டு மூலையை விட்டால் பயனில்லை. மூலைக்குத் தனியாக எல் வடிவில் மடித்த பட்டையை மேலே வையுங்கள். பக்கத்துத் துண்டு 0.2 மி.மீ. ஏறி இறங்கி நின்றாலும் அது வளைந்து கொடுக்கிறதா என்று ஒழுக்குச் சோதனையில் பாருங்கள். துண்டுகளை ஒரே மட்டமாக வைத்துச் சோதித்தால் எல்லாப் பட்டையும் தேறிவிடும்.