‘டி’யில் நடுங்கிய அக்சியோவும் அரைப் போத்தல் தண்ணீரும்

வணக்கம் உறவுகளே. காரணம் தெரியாமல் ஒரு சுரையைக்கூடக் கழற்றக் கூடாது என்று நான் ஒவ்வொரு காணொளியிலும் சொல்லி வருவதை நீங்கள் அறிவீர்கள். சென்ற வாரம் இங்கே ஒரு கராஜில், எங்கள் ரொயோட்டா அக்சியோ காரின் கியர்பொக்ஸ் போய்விட்டது என்றும், பாவித்த வேறொன்றைப் பூட்ட 185,000 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார்கள். பொனற்றைத் திறந்து பார்க்காமலே சொன்னார்கள் என்பதுதான் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

நெரிசலில் ‘டி’யில், அதாவது முன்னே ஓடும் கியரில், பிறேக்கை மிதித்தபடி நின்றால், ஸ்ரேறிங்கும் ஆசனமும் பக்கக் கண்ணாடியும் நடுங்கும், நியூற்றலான ‘என்’னுக்கு மாற்றிய உடனே எல்லாம் அடங்கிவிடும். இந்த வித்தியாசத்திலேயே பாதி விடை இருக்கிறது. ஓட்டோ காரில் ‘டி’யில் நிற்கும்போதும் எஞ்சின் கியர்பொக்ஸை விட்டு முழுதாகப் பிரிவதில்லை, இடையில் இருக்கும் டோர்க் கொன்வேற்றர் ஒயிலின் வழியாகக் கியர்பொக்ஸை இழுத்துக்கொண்டே இருப்பதால், அந்தச் சுமையில் எஞ்சின் தன்னைக் காரின் உடலோடு தாங்கிப் பிடிக்கும் மவுண்டுகளை ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 650 சுற்று ஓடினால், நொடிக்கு ஏறக்குறைய 22 தடவை பெற்றோல் எரிந்து உதைக்கிறது. அந்த உதைகளைக் காரின் உடலுக்கு விடாமல் விழுங்குவதே மவுண்டின் வேலை.

அரைப் போத்தல் தண்ணீரை எடுத்துக் கியர் நெம்புக்குப் பக்கத்தில் வைத்தேன். ‘என்’னில் தண்ணீரின் மேற்பரப்பு கண்ணாடி போல நின்றது. ‘டி’யில் போட்டதும் போத்தலின் விளிம்பிலிருந்து நடுவுக்கு வட்டம் வட்டமாகச் சிற்றலைகள் ஓடின. பின்னே ஓடும் ‘ஆர்’ரில் அதைவிடப் பெரிய அலைகள். திரும்பவும் ‘என்’, திரும்பவும் கண்ணாடி. இதை நான் பன்னிரண்டு தடவை செய்து பார்த்தேன், பன்னிரண்டு தடவையும் ஒரே விடைதான் வந்தது. ஒரு சதமும் செலவில்லாத சோதனை ஒன்று இவ்வளவு தெளிவாகப் பேசியது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஏசியை நிறுத்திவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். குளிர்ந்த எஞ்சின் கூடிய வேகத்தில் ஓடுவதால் அதிர்வு மறைந்துவிடும். எஞ்சினுக்குக் காற்றை விடும் திறொட்டில் அழுக்காகி எஞ்சின் மெதுவாக ஓடினாலும் இதே நடுக்கம் வரலாம். ஆனால் அதை நான் துப்புரவாக்கியதைப் போன காணொளியில் பார்த்திருப்பீர்கள், அதனால் ஒரு மாற்றமும் வரவில்லை.

பிறகு தம்பியை ஆசனத்தில் இருத்தி, கைபிறேக்கை இழுத்து, கால்பிறேக்கையும் அழுத்தி மிதிக்கச் சொல்லிவிட்டு, நான் பொனற்றைத் திறந்து பக்கவாட்டில் நின்றேன். காருக்கு முன்னாலோ பின்னாலோ ஒருவரும் நிற்கக் கூடாது. “அண்ணா, ‘ஆர்’ போடட்டோ?” என்று கேட்டுப் போட்டான். எஞ்சின் ஒரு பக்கமாகத் துள்ளி, அப்படியே சரிந்து நின்றது. சாரதிப் பக்க மவுண்டின் கீழே, தார் வழிந்தது போலக் கறுப்பாக ஒரு கோடு. அந்த மவுண்டின் உள்ளே திரவம் இருக்கும். இறப்பர் வெடித்து அது வெளியேறிவிட்டது. 2008ஆம் ஆண்டுக் காரின் இறப்பர் இவ்வளவு காலம் தாங்கியதே பெரிது.

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் 6,500 ரூபாய்க்கு ஒரு மவுண்டைக் காட்டினார்கள். அது திரவம் இல்லாத வெறும் இறப்பர்க் கட்டி. எஞ்சினைத் தாங்கும், ஆனால் அதிர்வை விழுங்காது. இப்படிப்பட்ட மலிவுப் பொருட்களை நான் அறவே வெறுக்கிறேன். 21,000 ரூபாய் கொடுத்துத் திரவம் உள்ளதை வாங்கினேன். ஒயில் தட்டின் கீழே பலகை வைத்து ஜக்கால் தாங்கி, முக்கால் மணித்தியாலத்தில் பூட்டி முடித்தோம். இப்போது ‘டி’யிலும் போத்தல் தண்ணீர் அசையவில்லை.

அதே கராஜில் எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று சொல்லி ஒரு கியர் ஒயிலை ஊற்றவும் பார்த்தார்கள். எங்களுடையது உருக்குப் பட்டியும் கப்பியும் கொண்டு ஓடும் சிவிரி (CVT) கியர்பொக்ஸ். அவை வழுக்காமல் பிடிப்பதற்கு அதற்கென்று குறித்த ஒயிலே வேண்டும். சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை ஊற்றினால் நல்ல கியர்பொக்ஸும் கெட்டுவிடும்.

ஓடும்போது மட்டும் வரும் அதிர்வு வேறு விடயம். 60 கிலோமீற்றரை அண்டி அக்சிலேற்றரை மெதுவாக மிதித்தபடி போகையில் கரடு முரடான பாதையில் ஏறியது போல உதறினால், இடது காலால் பிறேக்கை மெல்லத் தொட்டுப் பாருங்கள். அந்தக் கணத்தில் உதறல் நின்றால் ஓடும்போது எஞ்சினையும் கியர்பொக்ஸையும் நேராகப் பூட்டும், பிறேக்கைத் தொட்டால் விடுபடும், டோர்க் கொன்வேற்றரின் லொக்-அப் கிளச்சைச் சந்தேகிக்கலாம். பின்னால் வாகனம் இல்லாதபோது மட்டும் செய்யுங்கள்.

நேற்று ஏ9 வீதியில் கொடிகாமம் தாண்டி 70இல் போனபோது ஸ்ரேறிங்கில் மட்டும் ஒரு மெல்லிய நடுக்கம் இருந்தது. பிறேக்கைத் தொட்டும் மாறவில்லை, காலை எடுத்தும் மாறவில்லை, வேகம் குறைந்தால் மட்டுமே குறைந்தது. அந்த வேகத்தில் சில்லு நொடிக்கு ஏறக்குறைய 10 தடவை சுழலும் என்பதால், ரயரில் சில கிராம் எடை பிசகினாலும் கையில் தெரியும். முன்சில்லு இரண்டையும் வெள்ளிக்கிழமை பலன்ஸ் செய்யக் கொண்டு போகிறேன்.