எட்டாத காது

திருச்சி வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

பள்ளிக்கூடப் பதிவேட்டில் என் பிறந்த தேதி 1963 ஜூன் 1. என் அண்ணனுக்கும் ஜூன் 1 தான், வருடம் மட்டும் வேறு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஜூன் 1. எங்கள் ஊரில் மற்ற மாதங்களில் யாருமே பிறக்கவில்லையோ என்று, வெளியூர்க்காரர் அந்தப் பதிவேட்டைப் பார்த்தால் நினைப்பார். காரணம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். உங்களிலும் பலர் ஜூன் முதல் தேதியில் பிறந்தவர்களாகத்தான் இருப்பீர்கள்.

எங்கள் ஊர் திருமயம் பக்கம். அன்றைக்கு அதெல்லாம் திருச்சி மாவட்டம். புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 இல். 1968 ஜூனில், அப்பத்தா என்னைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். படிப்பின் மேல் ஆசைப்பட்டு இல்லை. கைக்குழந்தையாகத் தம்பி வந்துவிட்டான். அம்மா களை எடுக்கப் போகவேண்டும். வீட்டில் ஒரு உருப்படி குறைந்தால் போதும் என்ற கணக்கு.

வெற்றிலை பாக்கு, ஒன்றேகால் ரூபாய், பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு சிறு பை நிறையப் பொரிகடலையும் நாட்டுச் சர்க்கரையும். எனக்குப் புதுப் பாவாடை சட்டை. கையில் மரச்சட்டம் போட்ட கல் சிலேட்டு. அது அண்ணனுடைய பழைய சிலேட்டு. ஒரு மூலை உடைந்து, கோவை இலையும் அடுப்புக்கரியும் தேய்த்துக் கறுப்பாக்கி வைத்திருந்தார்கள்.

பெரிய வாத்தியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வயசு என்ன ஆச்சு?"

"அஞ்சு முடிஞ்சிருச்சுங்க" என்றாள் அப்பத்தா, கண் இமைக்காமல்.

"ஏத்தா, வலது கையைத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொடு, பாப்போம்."

பிறப்புச் சான்றிதழ் என்ற ஒன்றை அந்த ஊரில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. காதுதான் சான்றிதழ். சின்னப் பிள்ளைக்குத் தலை பெரிது, கை குட்டை. கை வளர்ந்து, தலைக்கு மேலாகச் சுற்றி வந்து அந்தப் பக்கத்துக் காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, கெட்டிக்காரர்தான்.

நான் கையைப் போட்டேன். விரல் காதுக்கு மேலே முடியில் நின்றுவிட்டது. எக்கினேன். தலையைச் சாய்த்தேன். அப்பத்தா பின்னால் நின்று என் முழங்கையை மெல்லத் தள்ளுகிறாள். பெரிய வாத்தியாருக்கு அது தெரியாமல் இல்லை.

"சரி, எந்த மாசம் பொறந்துச்சு?"

"ஐப்பசிங்கய்யா. அடைமழை. கண்மாய் நெறஞ்சு கலுங்கு பாஞ்ச வருசம்."

உண்மையை அவளே சொல்லிவிட்டாள். ஐப்பசியில் பிறந்த பிள்ளைக்கு ஆனி மாதத்தில் ஐந்து வயது எப்படி முடியும்? நாலு வயது, ஏழு எட்டு மாதம். பெரிய வாத்தியார் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டிலிருந்த வெற்றிலையைப் பார்த்தார். பேனாவைத் திறந்து 1-6-1963 என்று எழுதினார். ஐந்து மாதம் முன்னால் பிறந்தவளாகி, அந்த நிமிடமே ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூடம் என்பது ஓடு போட்ட ஒரே நீளக் கூடம். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டு வாத்தியார். ஒன்றாம் வகுப்பு, வாசல் வேப்பமரத்தடியில். தரையில் ஆற்று மணல் பரப்பி, அதில்தான் முதல் எழுத்து. சின்ன வாத்தியார் என் சுட்டுவிரலைப் பிடித்து "அ" போட்டார். அவர் கையில் மூக்குப்பொடி வாசம். 'அ' வைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குத் தும்மல் வருகிற மாதிரி இருக்கும். அவர் போட்ட எழுத்தின் மேல் நாங்கள் புளியங்கொட்டையை வரிசையாக அடுக்கவேண்டும். அடுக்கிக்கொண்டே இருந்தால் எழுத்து தானாக மனசில் உட்காரும் என்பது அவர் கட்சி. உட்காரத்தான் செய்தது.

முதல் நாளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வெளியே சொல்ல இத்தனை வருடம் ஆயிற்று.

அவசரம் வந்தால் ஒரு விரலைக் காட்டவேண்டும் என்று அண்ணன் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்திருந்தான். மத்தியானத்துக்கு மேல் எனக்கு வந்துவிட்டது. சின்ன வாத்தியார் அப்போது எண் நடத்திக்கொண்டிருந்தார். நான் ஒரு விரலைத் தூக்கினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாருங்கடா, இன்னைக்குத்தான் வந்துச்சு. ஒண்ணு! சரியாச் சொல்லிருச்சு. எங்கே, ரெண்டு காட்டு?"

ரெண்டு என்றால் வேறு அர்த்தம் என்றும் அண்ணன் சொல்லியிருந்தான். எனக்கு ரெண்டு வரவில்லை. அழுத்தந்திருத்தமாக மறுபடி ஒரு விரலையே காட்டினேன். "ஒண்ணு முடிஞ்சிருச்சு தாயி, அடுத்தது" என்றார். வாயைத் திறந்து சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. வாத்தியாரிடம் பேசக்கூடாது என்றும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அடுத்தது என்ன நடந்திருக்கும் என்று நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். மணல் பரப்பியிருந்தது நல்லதாகப் போயிற்று.

மூன்றாம் வகுப்பிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவன் வழி நெடுக என்னை விட்டுப் பத்தடி முன்னாலேயே நடந்தான், யாரோ ஒரு பிள்ளையைப் போல.

அப்புறம் சிலேட்டுக்கு வந்தோம். பல்பத்தால் எழுதியது பாதி, தின்றது பாதி. யார் கேட்டாலும் தின்னவில்லை என்று சொல்வோம், பல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும். மத்தியானம் பள்ளிக்கூடத்துச் சாப்பாடு. காமராசர் காலத்தில் 1956 இல் தொடங்கியது அது. சில நாள் மஞ்சளாக மக்காச்சோள ரவை உப்புமா வரும். அதன் வாசத்துக்காகவே காய்ச்சலோடு வந்த பிள்ளைகள் உண்டு. களை எடுக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு மத்தியானம் வேறு எங்கே அடுப்பு எரிந்தது?

எனக்குப் பிடித்த எழுத்து 'னை'. இப்போது எழுதுகிற 'னை' இல்லை. பழைய 'னை'. வானொலியில் எழுத்தை எழுதிக் காட்ட முடியாது, நீங்கள்தான் காற்றில் வரைந்து பார்த்துக்கொள்ளவேண்டும். 'ன' போட்டு, அதன் முன்பக்கத்தில் ஒரு கோட்டை மேலே தூக்கி வளைத்துவிட்டால் அதுதான் பழைய 'னை'. யானை தும்பிக்கையைத் தூக்கினது போலவே இருக்கும். ணை, லை, ளை, னை நாலுக்கும் அந்தத் தும்பிக்கை உண்டு. ஆனால் யானை என்ற சொல்லிலேயே தும்பிக்கை இருந்ததுதான் எனக்கு அதிசயம். எழுதுகிறோமா, வரைகிறோமா என்று தெரியாது. சிலேட்டு முழுக்க யானை யானையாக எழுதி வைப்பேன். 1978 இல் அரசாணை வந்து, பெரியார் சொன்ன சீர்திருத்தப்படி அந்த எழுத்துகள் மாறின. அச்சுக்கும் தட்டச்சுக்கும் அதுதான் வசதி, நானும் பிறகு பிள்ளைகளுக்குப் புது எழுத்தைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனாலும் யானையின் தும்பிக்கையைப் பிடுங்கிவிட்டார்களே என்று உள்ளே ஒரு குறை.

இன்னொன்றும் சொல்லியாகவேண்டும், இது வானொலி சம்பந்தப்பட்டது என்பதால். நான் பள்ளியில் சேர்ந்தபோது மாநிலத்தின் பெயர் மெட்ராஸ். ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள், 1969 ஜனவரி 14 இல், தமிழ்நாடு ஆகிவிட்டது. பெரிய வாத்தியார் எங்களைக் கூட்டி வைத்து "தமிழ்நாடு" என்று மூன்று தடவை சொல்லச் சொன்னார், சொன்னோம். மூன்று வாரம்கூட ஆகவில்லை. பிப்ரவரி 3, திங்கட்கிழமை. காலையில் பள்ளிக்கூடம் போனால், பெரிய வாத்தியார் தூணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "இன்னைக்கு லீவு. வீட்டுக்குப் போங்க" என்றார். என் வாழ்க்கையின் முதல் திடீர் லீவு. ஹோ என்று கத்திக்கொண்டு தெருவில் ஓடினோம். சாவடியில் பஞ்சாயத்து ரேடியோ. அதற்கு முன்னால் இரட்டை மாட்டைத் தனியாக அடக்குகிற எங்கள் சித்தப்பா தரையில் உட்கார்ந்து, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்குகிறார். ரேடியோவில் பேச்சுக்கு நடுவே சோக வாத்தியம். அண்ணா போய்விட்டார் என்றார்கள். எந்த அண்ணா என்று எனக்குத் தெரியவில்லை. என் அண்ணன் பக்கத்திலேயே நிற்கிறானே என்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு அவன் பத்தடி முன்னால் போகவில்லை.

சரி, ஜூன் ஒன்றாம் தேதிக்குத் திரும்ப வருகிறேன்.

நானே ஆசிரியை ஆனேன், 1986 இல். அப்போதும் கிராமத்துப் பள்ளிகளில் காதைத் தொடச் சொல்கிற வழக்கம் போகவில்லை. தலையைச் சாய்க்கிற பிள்ளையைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். முழங்கையைத் தள்ளுகிற அப்பத்தாக்களும் இருந்தார்கள். நானும் எழுதியிருக்கிறேன், ஒன்று, ஆறு என்று. தப்புத்தான். ஆனால் இன்றைக்குத் திருப்பி அனுப்பினால் அடுத்த வருடம் அந்தப் பிள்ளை ஆட்டுக்குட்டியோடு நிற்கும் என்று தெரிந்தால், யாருக்குத்தான் பேனா தயங்கும்?

அந்தத் தேதி என்னை விடவில்லை. ஒன்றாம் தேதி பிறந்தவர்கள், முந்திய மாதக் கடைசி நாளிலேயே ஓய்வு பெறவேண்டும் என்பது விதி. 2023 மே 31 அன்று எனக்கு மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். ஐப்பசி என்று எழுதியிருந்தால்? ஆண்டு நடுவில் ஓய்வு வயது வருகிற ஆசிரியர்களைப் பிள்ளைகளின் படிப்பு கெடக்கூடாது என்று கல்வியாண்டு முடியும்வரை வைத்துக்கொள்வார்கள். இன்னும் ஒரு முழு வருடம் வகுப்பில் இருந்திருப்பேன். என் கணவர் உட்கார்ந்து கணக்குப் போட்டு, இத்தனை ரூபாய் நட்டம் என்று ஒரு தாளில் எழுதிக்காட்டினார். "அப்பத்தாகிட்டப் போய்க் கேளுங்க" என்றேன்.

ஓய்வுக்குச் சில வாரம் முன்னால் அடுத்த ஆண்டுச் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. இப்போது பிறப்புச் சான்றிதழ் வருகிறது, ஆதார் வருகிறது, எல்லாம் கணினியில் ஏற்றவேண்டும். இணையம் சுற்றிக்கொண்டே இருந்தது. எதிரே ஒரு சின்னப் பெண், ரெட்டைச் சடை, அம்மா மடியில் சாய்ந்துகொண்டு என்னையே முறைத்துப் பார்க்கிறது. சும்மா இருக்கிற நேரம்தானே என்று, "எங்கே, தலைக்கு மேல கையைப் போட்டுக் காதைத் தொடு" என்றேன். அது இதற்குமுன் கேள்விப்படாத விளையாட்டு. "எப்படி? நீங்க செஞ்சு காட்டுங்க டீச்சர்" என்றது.

கையைத் தூக்கினேன். இரண்டு வருடமாகத் தோள்பட்டை வலி எனக்கு. கை தலை உச்சி வரைக்கும் போய் நின்றுவிட்டது. எக்கினேன், தலையைச் சாய்த்தேன்.

அந்தப் பெண் அம்மாவிடம் திரும்பி, "டீச்சருக்கு எட்டலம்மா" என்றது.

வணக்கம்.