81 வருஷ லீஸ்: ஃப்ரீஹோல்டர் அனுப்பின கடிதத்துல கையெழுத்துப் போடலாமா?

வணக்கம். லண்டன் ஹாரோவிலேர்ந்து ஒரு நேயர் கேட்டிருக்கிற கேள்வி, படிச்சதிலேர்ந்து மனசை விட்டுப் போகலை. "ஃப்ளாட் மதிப்பு 3 லட்சம் பவுண்ட். லீஸ், அதாவது குத்தகை, 99 வருஷம், பாக்கி 81. கிரவுண்ட் ரென்ட், அதாவது நில வாடகை, வருஷத்துக்கு 250. 7,500 பவுண்ட் குடுத்தா 125 வருஷமா ஆக்கித் தர்றேன், கிரவுண்ட் ரென்ட் பழையபடியே, 28 நாளுக்குள்ள சொல்லுங்கன்னு கட்டடத்துக்குச் சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டர் எழுதியிருக்கார். கையெழுத்துப் போடலாமா?"

இப்போதைக்குப் போடாதீங்க. அந்த 28 நாள் அவரா வெச்ச கெடு, சட்டத்துல அப்படி எதுவும் கிடையாது. இங்கிலாந்து, வேல்ஸ்ல 1993 சட்டப்படி உங்களுக்கு ஒரு உரிமை இருக்கு. பாக்கி இருக்கிற வருஷத்தோட இன்னும் 90 கூடும். 81 இருந்தா 171. கிரவுண்ட் ரென்ட் அன்னையிலேர்ந்தே இல்லாம போயிடும். அவர் சொல்ற வழியில 44 வருஷம்தான் கூடுது, 250 பவுண்டும் பழைய 81 வருஷம் முடியற வரைக்கும் ஓடும். கூட்டினா 20,250 பவுண்ட். 7,500ன்னு பார்க்கும்போது இது கண்ணுல படாது.

சட்ட வழியில எவ்வளவு ஆகும்? உத்தேசமா ஒரு கணக்கு. கிரவுண்ட் ரென்ட்டை 7 சதவீதத்துலயும், லீஸ் முடிஞ்சு ஃப்ளாட் அவர்கிட்ட திரும்பறதை 5 சதவீதத்துலயும் இன்னைக்கு மதிப்புக்குக் கழிச்சுப் பார்த்தா, 81 வருஷத்துல சுமார் 9,250 பவுண்ட் வருது. இதே ஃப்ளாட் 79 வருஷத்துக்கு வந்துட்டா, அப்படியே வித்தா 2,78,000, நீட்டிச்சு வித்தா 2,97,000 போகும்னு வெச்சுக்குவோம், தொகை 14,400 பக்கம் போயிடும். ரெண்டு வருஷத்துல 5,000க்கு மேல. ஏன்னா 80க்குக் கீழ போனதும் மேரேஜ் வேல்யூ உள்ள வந்துடும். நீட்டிக்கறதால கூடற மதிப்புல பாதி ஃப்ரீஹோல்டருக்குப் போகும். ஒண்ணு கவனிங்க: 80ங்கிற கோட்டை நீங்க தாண்டினீங்களா இல்லையான்னு பார்க்கறது, செக்‌ஷன் 42 நோட்டீஸ் (அந்த 1993 சட்டப்படி லீஸை நீட்டிக்கச் சொல்லிக் கேக்கறது) அவர்கிட்ட கொடுக்கிற தேதியை வெச்சுத்தான். பேச்சுவார்த்தை ஒரு வருஷம் இழுத்தாலும் பரவாயில்லை. நோட்டீஸ் மட்டும் கோட்டுக்கு முன்னாடி போயிருக்கணும். சாதாரணக் கடிதப் போக்குவரத்து அந்தத் தேதியை நிறுத்தாது. பேசிக்கிட்டே 80ஐத் தாண்டிட்டவங்க நிறைய பேர்.

அதனால இந்த நேயர் முதல்ல கேட்டிருக்க வேண்டியது வேற கேள்வி. 81னு எந்தத் தேதியிலேர்ந்து எண்ணினீங்க? பத்திரத்துல கையெழுத்தான தேதி ஒண்ணு, லீஸ் ஓட ஆரம்பிச்ச தேதி இன்னொண்ணு. பத்திரம் 2009 நவம்பர்ல எழுதியிருப்பாங்க, உள்ள "25 மார்ச் 2008 முதல் 99 வருஷம்"னு இருக்கும். நவம்பரை வெச்சு எண்ணினா 2028 நவம்பர் வரைக்கும் நேரம் இருக்குன்னு தோணும். உண்மையில 2027 மார்ச்லயே 80. இருபது மாசம் தப்பு! கட்டடத்துல எல்லா ஃப்ளாட்டுக்கும் ஒரே தொடக்கத் தேதி வைக்கறது வழக்கம், அதனாலதான் இந்தக் குழப்பம். ஏஜென்ட் விளம்பரத்துல போட்டிருக்கிற எண்ணை நம்பாதீங்க. லேண்ட் ரெஜிஸ்ட்ரியில சில பவுண்ட் கட்டினா லீஸ் நகல் கிடைக்கும். "டெர்ம்"னு இருக்கிற வரியைப் படிங்க.

நோட்டீஸை நீங்களே எழுத வேண்டாம், சொலிசிட்டர்கிட்ட விடுங்க. நீங்க தர்ற தொகையை சர்வேயர் கணக்குப் போட்டுச் சொல்லணும். பேரம் பேசலாம்னு நம்பவே முடியாத அளவுக்குக் குறைச்சுப் போட்டா நோட்டீஸே செல்லாம போகலாம். கணவன் மனைவி ரெண்டு பேர் பேர்ல ஃப்ளாட் இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்துதான் கொடுக்கணும். உங்களுக்கும் ஃப்ரீஹோல்டருக்கும் நடுவுல ஹெட் லீஸ், அதாவது இன்னொரு குத்தகை, இருந்தா யாருக்குக் கொடுக்கறதுன்னே மாறும். எதிர்த்தரப்பு பதில் சொல்ல குறைஞ்சது முழுசா ரெண்டு மாசம் விட்டுத் தேதி போடணும். நோட்டீஸ் போனதும் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில ஃப்ரீஹோல்ட் மேல பதிஞ்சு வைக்கச் சொல்லுங்க. நாளைக்குக் கட்டடம் கைமாறினாலும் புது முதலாளியையும் அது கட்டுப்படுத்தும்.

ஃப்ரீஹோல்டர் கேட்டா, நீங்க சொன்ன தொகையில 10 சதவீதமோ 250 பவுண்டோ, எது அதிகமோ அதை டெபாசிட்டாக் கட்டணும். அவரோட பதில், அதாவது கவுண்ட்டர் நோட்டீஸ், வந்து தொகை ஒத்துவரலைன்னா, அது வந்த தேதியிலேர்ந்து ரெண்டு மாசம் கழிச்சு, ஆறு மாசத்துக்குள்ள, இந்தத் தகராறைத் தீர்க்கற டிரிபியூனலுக்கு மனு போயாகணும். இங்கதான் நிறைய பேர் சறுக்கறாங்க. பேச்சு நல்லாத்தானே போகுதுன்னு விட்டுடுவாங்க. ஆறு மாசம் தாண்டினா நோட்டீஸ் வாபஸ் ஆனதா ஆயிடும், அடுத்த நோட்டீஸுக்கு 12 மாசம் காத்திருக்கணும். அதுக்குள்ள 81 எங்க போகும்னு பார்த்துக்கோங்க. கவுண்ட்டர் நோட்டீஸே வரலையா? அதுக்கும் ஆறு மாசக் கெடு உண்டு, ஆனா போக வேண்டியது கோர்ட்டுக்கு.

செலவையும் சொல்லிடறேன். உங்க சொலிசிட்டர், சர்வேயர் மட்டுமில்ல, ஃப்ரீஹோல்டரோட நியாயமான சட்டச் செலவும் மதிப்பீட்டுச் செலவும் உங்க தலையிலதான். டிரிபியூனல்ல அவர் வாதாடற செலவு மட்டும் சேராது. அவர் 7,500 கேக்கறதுல ஒரு கவர்ச்சி இருக்கறதுக்கு இதுதான் காரணம், அதை நான் மறுக்கலை.

லீஸ் விதிகளை மாத்தற 2024 சட்டம் நடைமுறைக்கு வரட்டும்னு காத்திருக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. 990 வருஷ நீட்டிப்பு, மேரேஜ் வேல்யூ ரத்து, எல்லாம் அதுல இருக்கு. ஆனா நான் பேசற இன்னைக்கு வரைக்கும் அந்தப் பகுதிகள் நடைமுறைக்கு வரலை. வந்தது, ஃப்ளாட் வாங்கி ரெண்டு வருஷம் காத்திருக்கணும்கிற விதியை எடுத்தது. 31 ஜனவரி 2025லேர்ந்து, வாங்கிப் பதிவானதுமே நோட்டீஸ் கொடுக்கலாம். ஏற்கெனவே 70ல இருக்கிறவங்க காத்திருக்கறதுல ஒரு நியாயம் இருக்கு. 81ல இருக்கிறவர் காத்திருக்கறதை நான் ஒத்துக்க மாட்டேன்.

ஹாரோ நேயரே, இந்த வாரம் லீஸ் நகலை எடுத்து அந்தத் தேதியைப் பாருங்க. ஃப்ரீஹோல்டருக்கு, "சர்வேயர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்"னு ஒரு வரி போதும்.