ஓணம் பம்பர்: ஐந்நூறு ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஆவணி பிறந்தால் கோயம்புத்தூர்ப் பக்கத்து டீக்கடைகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும்: "வாளையார் போறியா? எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா." வாளையார், எல்லையைத் தாண்டியதும் வருகிற கேரள ஊர். அங்கே விற்கிற கேரள அரசின் திருவோணம் பம்பர் லாட்டரியைத்தான் சொல்கிறார்கள். சீட்டு 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. கேரளத்திலேயே இந்தச் சீட்டு அதிகம் விற்கிற மாவட்டம் பாலக்காடு. எல்லை தாண்டிப் போகும் நம் ஊர்க்காரர்களுக்கும் அதில் பங்கு உண்டு. 2023-ல் முதல் பரிசே திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நான்கு பேர் கூட்டாக வாளையாரில் வாங்கிய சீட்டுக்கு விழுந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா?

முப்பது வருஷம் கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதியவன் நான். அதனால் "சார், அந்த ஐந்நூறு ரூபாய் தகுமா?" என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். பணக் கணக்கு மட்டும் பார்த்தால், தகாது. எப்படி என்று சொல்கிறேன்.

அந்த 2023-ஐயே எடுத்துக்கொள்வோம். 75 லட்சத்துக்கும் மேல் சீட்டு விற்றது. சனங்கள் கொடுத்த பணம் 375 கோடிக்கு மேல். பரிசாகத் திரும்பி வந்தது சுமார் 125 கோடி. மூன்றில் ஒரு பங்கு. அதாவது ஐந்நூறு ரூபாயை நீட்டியவுடனே அதில் 330 ரூபாய் போல, குலுக்கல் நடப்பதற்கு முன்பே, வரியாகவும் ஏஜெண்டு கமிஷனாகவும் அரசின் பங்காகவும் பிரிந்து போய்விடுகிறது. இப்போது லாட்டரிக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். 500 ரூபாய்ச் சீட்டில் 143 ரூபாய் வரிக்கே சரியாகிவிடும்.

"ஆனால் ஐந்து லட்சம் பேருக்குப் பரிசு விழுகிறதே" என்பார்கள். உண்மைதான், அந்த வருஷம் ஐந்தே கால் லட்சத்துக்கும் மேல் பரிசுகள். ஆனால் அதைப் பிரித்துப் பாருங்கள். 25 கோடி ஒன்று, ஒரு கோடி இருபது, 50 லட்சம் இருபது, அப்புறம் ஐந்து லட்சமும் இரண்டு லட்சமும் கொஞ்சம் பேருக்கு. எல்லாம் சேர்த்தாலும் நூறைத் தாண்டாது. இரண்டு லட்சத்துக்குக் கீழே இறங்கினால் அடுத்த பரிசு 5,000 ரூபாய். அதற்கும் கீழே 2,000, 1,000, 500. ஐந்நூறு விழுந்தவருக்குச் சீட்டு வாங்கிய காசு கைக்கு வந்தது, அவ்வளவுதான். இடையில் பத்தாயிரம், இருபதாயிரம், ஐம்பதாயிரம் என்று ஒரு பரிசுகூட இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

75 லட்சத்தில் ஒன்று என்றால் எவ்வளவு அரிது? வாயால் சொன்னால் புரியாது. ஒரு நாள் பேத்தியை உட்காரவைத்துப் பத்து கிராம் பொன்னி அரிசியைத் தட்டில் கொட்டி எண்ணினோம். அறுநூறுக்குப் பக்கத்தில் வந்தது. அந்தக் கணக்குக்கு 75 லட்சம் அரிசி என்றால் 125 கிலோ. இருபத்தைந்து கிலோ சிப்பம் ஐந்து. ஐந்தையும் கூடத்தில் கொட்டி, ஒரே ஒரு அரிசிக்கு மஞ்சள் தடவி உள்ளே கலந்துவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு அரிசியை எடுக்க வேண்டும். பேத்தி சிப்பத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "எனக்கு வேண்டாம் தாத்தா" என்று எழுந்து போய்விட்டாள்.

இப்போது என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மில் தொழிலாளி. அன்றைக்குத் தமிழ்நாட்டிலேயே லாட்டரி இருந்தது. 1968-ல் அண்ணா முதல்வராக இருந்தபோது அரசே பரிசுச்சீட்டு நடத்தியது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற விளம்பரம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2003-ல் ஜெயலலிதா அரசு தடை போடுகிற வரைக்கும் பஸ் ஸ்டாண்டு முழுக்க லாட்டரிக் கடைதான். அப்பா சம்பள நாளில் சீட்டு வாங்குவார். குடிக்கமாட்டார், பீடிகூடக் கிடையாது. அது ஒன்றுதான் அவருடைய செலவு என்று அம்மாவும் விட்டுவிட்டார்.

அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். வேட்டிகளுக்கு அடியில் விழாத சீட்டுகள் வருஷவாரியாக நூல் போட்டுக் கட்டியிருந்தன. ஏன் வைத்திருந்தார் என்று தெரியவில்லை. சிலவற்றைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தார். "ஓடு மாற்ற 6,000." "தோடு மீட்க 1,800." "பாப்பா பீஸ் 900." பாப்பா என் தங்கை. முன்பக்கத்தில் அச்சடித்திருந்த முதல் பரிசோ லட்சக்கணக்கில். பின்பக்கத்தில் ஒரு சீட்டில்கூட லட்சம் என்ற சொல் இல்லை. அம்மா அந்தத் தோட்டு வரியை விரலால் தடவிக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குத்தான் எனக்கு இந்த விஷயம் உறைத்தது. அப்பாவுக்கு வேண்டியிருந்தது ஆயிரங்கள். அவருக்கு விற்றது லட்சங்கள். இன்றைக்கும் அதே கதைதான். டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கு நகையைத் திருப்ப நாற்பதாயிரம் வேண்டும், இன்னொருவருக்கு மகள் நர்சிங் பீஸ் அறுபதாயிரம். அந்தத் தொகைகள்தான் பம்பர் சீட்டில் இல்லவே இல்லை. முதல் பரிசு பெரிதாகப் பெரிதாக அந்த இடைவெளி பெரிதாகிறது. 25 கோடி என்று போட்டால்தான் 75 லட்சம் பேர் வாங்குவார்கள். ஆனால் அந்த 25 கோடியை ஒரே இடத்தில் குவிப்பதற்காகத்தான் பத்தாயிரமும் ஐம்பதாயிரமும் காணாமல் போகின்றன. பெரிய ஜாக்பாட் மேல் எனக்குள்ள வருத்தம் இதுதான்.

விழுந்தவர் கதையையும் பாருங்கள். 25 கோடியில் பத்து சதவீதம் ஏஜெண்டுக்கு. மீதி 22.5 கோடியில் 30 சதவீத வருமான வரி பிடித்து 15.75 கோடி வரும். அதற்கு மேல், வரியின் மேலேயே போடுகிற சர்சார்ஜ், செஸ் இரண்டும் கட்டினால் 13 கோடிச் சொச்சம்தான் நிற்கும். அதுவும் பெரிய பணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. 2022-ல் பரிசு விழுந்த திருவனந்தபுரம் ஆட்டோ ஓட்டுநர் குழந்தையின் உண்டியலை உடைத்துச் சீட்டு வாங்கியவர். சில நாளிலேயே, உதவி கேட்டு வருகிறவர்களால் சொந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். பாவம், மனிதர் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை.

கேரளத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. 1967-ல் தனித் துறை தொடங்கி, ஒரு ரூபாய்ச் சீட்டுக்கு 50,000 ரூபாய் பரிசு என்று ஆரம்பித்தவர்கள். நடக்க முடியாதவர்கள், வயதானவர்கள் எத்தனையோ பேர் இந்தச் சீட்டு விற்றுத்தான் சாப்பிடுகிறார்கள். காருண்யா லாட்டரிப் பணத்தில் ஏழைகளுக்கு வைத்தியம் நடந்திருக்கிறது. குலுக்கல் ஊர் பார்க்கத்தான் நடக்கிறது.

ஆனால் நம் பக்கம் நடப்பது வேறு. "கேரளா லாட்டரி, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம், ஜிபே பண்ணுங்கள்" என்று வந்தால் தொடவே தொடாதீர்கள். கேரள அரசு ஆன்லைனில் சீட்டு விற்பதில்லை. அதே மாதிரி, கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்ணை வைத்து நம் ஊர்களில் நடத்துகிற மூணு நம்பர் லாட்டரிக்கு அச்சடித்த சீட்டுமில்லை, கணக்குமில்லை. கூலி வாங்கிய கையோடு அங்கே போய் நிற்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

போன ஓணத்துக்கு என் தங்கை மகனும் நண்பர்களும் பத்து பேர், ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு ஒரு சீட்டு வாங்கினார்கள். பின்பக்கம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். சீட்டு தொலைந்தால் வம்பு. ஒன்றும் விழவில்லை. ஒரு மாசம் பேசிச் சிரித்தார்கள், அதற்கு ஐம்பது ரூபாய் சரி. அந்தப் பத்து பேரில் ஒரு பையன் வாளையாரைத் தாண்டிக் கேரளத்தில் இருக்கிற கஞ்சிக்கோட்டில் வேலை பார்க்கிறான். அவன் தினமும் ஐம்பது ரூபாய்ச் சீட்டு வாங்குகிறான் என்று அப்புறம்தான் தெரிந்தது. மாசம் 1,500 ரூபாய். அதையே போஸ்ட் ஆபீஸில் மாசாமாசம் கட்டுகிற ஆர்டி சேமிப்பில், இப்போதைய 6.7 சதவீத வட்டிக்கு, ஐந்து வருஷம் போட்டால் ஒரு லட்சத்து ஏழாயிரம் வரும் என்று தாளில் எழுதிக் காட்டினேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். எதற்குப் பணம் வேண்டும் என்று கேட்டேன். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடனில் எண்பதாயிரம் பாக்கி என்றான்.

திங்கட்கிழமை ஆதார் கார்டையும் இரண்டு போட்டோவையும் எடுத்துக்கொண்டு போஸ்ட் ஆபீஸ் வாசலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பத்து மணிக்கு நான் அங்கே இருப்பேன்.

நன்றி, வணக்கம்.